உஷார்! உங்கள் பிள்ளையின் சர்வரில் மாடரேட்டர் யார்?

பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குச் சொந்தமாக ஒரு சர்வர் தொடங்குவது இன்றைக்குப் பெரிய காரியமே இல்லை. மாதம் சில நூறு ரூபாய்க்கு ஹோஸ்டிங் கிடைக்கிறது. இலவசமாகத் தருபவர்களும் இருக்கிறார்கள். முதலில் வகுப்பு நண்பர்கள் பத்துப் பேர் வருவார்கள். அவர்கள் தம்பி தங்கைகளைச் சேர்த்துவிடுவார்கள். யாரோ ஒருவன் சர்வர் முகவரியை ஒரு யூடியூப் வீடியோவின் கீழே போட்டுவிடுவான். கோடை விடுமுறை முடிவதற்குள் முகம் தெரியாத பிளேயர்கள் நிறைந்துவிடுவார்கள். ‘என் வீட்டை இடிச்சிட்டான்’, ‘வைரத்தைத் திருடிட்டான்’, ‘அம்மாவை இழுத்துத் திட்டுறான்’ என்று புகார்கள் குவியும். பையன் திணறுவான். படிப்பும் இருக்கிறது, தூக்கமும் வருகிறது. அப்போது ஒரு செய்தி வரும்:

“தம்பி, சர்வர் சூப்பரா இருக்கு. மாடரேட்டர் வேணும்னா சொல்லு. நான் ராத்திரி ஃபுல்லா ஆன்லைன்லதான் இருப்பேன்.”

சர்வரைக் கண்காணிக்கும் மாடரேட்டர் பொறுப்பை இப்படிக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் விளையாட்டின் மீது ஆசை கொண்ட நல்ல பிள்ளைகள்தான். ஆனால் குழந்தைகளைத் தனியாகப் பிடிக்க வழி தேடுகிற ஒருவன் அனுப்பும் செய்தியும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். வாசித்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. 15 வயதுப் பையனால் சுத்தமாக முடியாது. இரவெல்லாம் உட்கார ஓர் ஆள் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அவன் சந்தோஷப்பட்டு, ஒரே ஒரு கட்டளையைத் தட்டி அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறான்.

அந்த ஒரு கட்டளை எவ்வளவு பெரிய கதவைத் திறக்கிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் சர்வரில் ஒருவருக்கு ‘ஓபி’ எனப்படும் ஆபரேட்டர் பதவியைக் கொடுத்தால், அமைப்பில் எதையும் மாற்றாதவரை, அவருக்குக் கிடைப்பது நான்காம் நிலை அதிகாரம். அதற்கு மேல் நிலை கிடையாது. யாரையும் வெளியே தள்ளலாம், தடை செய்யலாம். எந்தப் பிளேயர் எங்கே நின்றாலும் அந்த இடத்துக்குத் தாவலாம். பார்வையாளர் நிலைக்குப் போய், சுவருக்குள் புகுந்து, யார் கண்ணிலும் படாமல் பின்தொடரலாம். தன் கூட்டாளிக்கும் அதே அதிகாரத்தைக் கொடுக்கலாம். எசென்ஷியல்ஸ் என்ற பிளகின், அதாவது கூடுதல் நிரல், போட்டிருந்தால், ‘சோஷியல் ஸ்பை’ வசதி வழியாக மற்றவர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் தனிச் செய்திகளையும் படிக்கலாம். சர்வரின் கன்சோலையோ லாக் கோப்பையோ திறக்க விட்டுவிட்டால், உள்ளே வந்த ஒவ்வொரு குழந்தையின் ஐபி முகவரியும் வரிசையாக அங்கே இருக்கும். ஐபியை வைத்து வீட்டுக் கதவு எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஊர், எந்த நிறுவனத்தின் இணைய இணைப்பு என்பது மட்டும் ஏறக்குறைய தெரியும். ‘நீ மதுரைதானே, உன் வீடு எனக்குத் தெரியும்’ என்று 11 வயதுக் குழந்தையை நடுங்க வைக்க அது போதும்.

இதையெல்லாம்விடப் பெரிய அதிகாரம் ஒன்று இருக்கிறது. அது எந்தக் கட்டளைப் பட்டியலிலும் இல்லை. ‘ஒருத்தர் என்கிட்ட தப்பாப் பேசுறார்’ என்று ஒரு குழந்தை சொல்ல நினைத்தால், அந்தப் புகார் போய்ச் சேரும் இடம் மாடரேட்டர். தவறு செய்பவனே அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் குழந்தைக்குப் போக்கிடம் இல்லை. வாய் திறந்தால் பான், அதாவது தடை. பான் ஆனால் நண்பர்கள் எல்லோரும் இருக்கும் இடத்திலிருந்து தான் மட்டும் வெளியே. அந்த வயதில் அதைவிடப் பெரிய தண்டனை எது?

ஸ்கூல் வேன் ஓட்டுபவரின் பெயர், போன் நம்பர், எந்தத் தெரு, இதற்கு முன் யாருக்கு ஓட்டினார் என்று நாம் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். அவர் கையில் நம் பிள்ளை ஒரு நாளைக்கு அரை மணி நேரம் இருக்கிறது. விடுமுறை நாளில் சர்வரில் நான்கைந்து மணி நேரம் அதே பிள்ளை யார் கண்காணிப்பில் இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. அந்த ஆளின் பெயரே ‘ஷேடோ’ என்றோ ‘டெவில்’ என்றோ நாலு எண்களோடு முடிவதாகத்தான் இருக்கும்.

குழந்தைகளைக் குறிவைப்பவன் வரும் வழியைச் சொல்கிறேன். முதலில் அன்பளிப்பு. சுலபத்தில் கிடைக்காத பொருள், பெயருக்கு முன்னால் ஒரு சிறப்புப் பட்டம், பறக்கும் வசதி. அடுத்தது பாதுகாப்பு: உன்னைத் தொல்லை செய்தவனை நான் தூக்கிவிட்டேன் பார் என்பான். அந்தத் தொல்லையை இன்னொரு ஐடியில் வந்து அவனே செய்திருக்கவும் முடியும். பிறகு ‘இங்க எல்லாரும் பார்ப்பாங்க, டிஸ்கார்டுக்கு வா’ என்ற அழைப்பு. டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் தனிச் செய்தி, அப்புறம் தனி வாய்ஸ் கால். வயது கேட்பான், வீட்டில் யார் யார் என்று கேட்பான், அப்பா அம்மா எத்தனை மணிக்குத் தூங்குவார்கள் என்று கேட்பான். ‘இது நமக்குள்ள இருக்கட்டும்’ என்பான். படம் கேட்பது கடைசியில்தான். அதுவரை நடந்த எதுவும் எந்தக் கெட்ட வார்த்தை வடிகட்டியிலும் சிக்காது, ஏனென்றால் அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை.

சில பேர் இவ்வளவு நேரம்கூட எடுத்துக்கொள்வதில்லை. 2025 அக்டோபரில் மும்பையில் நடந்த சைபர் விழிப்புணர்வு மாதத் தொடக்க விழாவில் நடிகர் அக்ஷய் குமார் தன் வீட்டில் நடந்ததைச் சொன்னார். அவருடைய 13 வயது மகள் முகம் தெரியாத ஒருவரோடு ஆன்லைனில் விளையாடிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத்து ஆள் நீ ஆணா பெண்ணா என்று கேட்டான். பெண் என்று பதில் போனதும் நிர்வாணப் படம் கேட்டான். அந்தப் பெண் உடனே அணைத்துவிட்டுப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். எத்தனை வீடுகளில் குழந்தை அப்படி எழுந்து போய் அம்மாவிடம் சொல்லும்? ‘இனி போனையே தொடக்கூடாது’ என்ற தீர்ப்பு வரும் என்று தெரிந்த குழந்தை சொல்லாது.

விளையாட்டை நடத்தும் பெரிய நிறுவனங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கத் தோன்றும். அழுத்தம் வந்த பிறகு பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் வரலாறு. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் எடுத்த நடவடிக்கை 2022 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. குழந்தைகளின் தகவல்களைச் சட்டத்தை மீறித் திரட்டியது தொடர்பான பகுதிக்கு மட்டும் 27.5 கோடி டாலர் அபராதம். குழந்தைகளுக்கும் வாய்ஸ் சாட், டெக்ஸ்ட் சாட் இரண்டையும் முதலிலிருந்தே திறந்து வைத்திருந்ததும் அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. முதலில் மூடி வையுங்கள், வேண்டும் என்பவர்கள் திறந்துகொள்ளட்டும் என்று உத்தரவாயிற்று. ரோப்ளாக்ஸ் விளையாட்டுத் தளம் 2024 நவம்பரில்தான் 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விளையாட்டுக்கு வெளியே தனிச் செய்தி அனுப்பும் வசதியை மூடியது. சாட் செய்ய முகத்தைக் காட்டி வயதை உறுதிப்படுத்த வேண்டும் என்று 2025 நவம்பரில் அறிவித்தது. ரோப்ளாக்ஸ் தொடங்கப்பட்டது 2006இல்!

உங்கள் பிள்ளை நடத்தும் சர்வருக்கோ இந்த வேலிகூடக் கிடையாது. ஜாவா பதிப்பில் 2022 ஜூலை முதல் ஒரு பிளேயரின் சாட் செய்தியை, மைன்கிராஃப்டை நடத்தும் மோஜாங் நிறுவனத்துக்கு நேரடியாகப் புகார் செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் அதைச் செயலிழக்க வைக்கும் ‘மாட்’ எனப்படும் மாற்று நிரல்களும் பிளகின்களும் கிடைக்கின்றன, பல சர்வர்களில் போட்டும் வைத்திருக்கிறார்கள். தனியார் சர்வரில் சட்டம் போடுவதும், காவல் பார்ப்பதும், தீர்ப்புச் சொல்வதும் அதை நடத்துகிற ஆள்தான். இங்கே அந்த ஆளுக்கு 15 வயது.

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு நினைவிருக்கும். 2023 பிப்ரவரியில் அந்நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு 16 வயது மாணவனைப் பற்றி அறிவித்தது. ரோப்ளாக்ஸில் ஐஎஸ்ஐஎஸ் அமைப்பைப் போலவே உருவாக்கப்பட்டிருந்த சர்வர்களில் அவன் விளையாடியிருக்கிறான். சிரியாவும் தென் பிலிப்பைன்ஸின் மராவி நகரமும் அங்கே போர்க்களங்களாக இருந்தன. ‘தலைவர்’ ஒருவருக்கு விளையாட்டுக்குள்ளேயே விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டு, அந்தக் குழுவின் பிரச்சாரகராகவும் ஆகியிருக்கிறான். விளையாட்டில் எடுத்த காட்சிகளை வைத்துப் பிரச்சார வீடியோக்கள் செய்யும் வரைக்கும் போயிருக்கிறான். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவன் மீது கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பையன் கட்டம் கட்டமான பொம்மைகளை வைத்து விளையாடுவது மட்டும்தான் தெரிந்திருக்கும். உள்ளே சர்வரின் ‘பதவி’ என்ற ஒன்று அவனை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அமெரிக்காவில் இதைவிடக் கொடியது நடந்திருக்கிறது. ‘764’ என்ற எண்ணைப் பெயராக வைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தை டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளி வயதுப் பையன் ஒருவன் டிஸ்கார்டில் தொடங்கினான். அவனுக்கு 2023இல் 80 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கூட்டம் அதோடு ஒழியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் எஃப்பிஐ பொது எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. இப்படிப்பட்ட குழுக்கள் 8 முதல் 17 வயது வரையுள்ள குழந்தைகளைக் குறிவைக்கின்றன. நட்பாகப் பழகி, ஒரு படத்தையோ ரகசியத்தையோ வாங்கிக்கொண்டு, அதைக் காட்டி மிரட்டி, தங்களையே காயப்படுத்திக்கொள்ளும்படி குழந்தைகளைக் கட்டாயப்படுத்துகின்றன என்று அதில் இருந்தது. மனச்சோர்வில் இருக்கும் குழந்தைகளை இவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள் என்றும் எச்சரித்தது. உங்கள் சர்வரில் இரவு இரண்டு மணிக்குத் தனியாக நின்றுகொண்டு ‘எனக்கு யாரும் இல்லை’ என்று தட்டும் குழந்தையை யார் முதலில் பார்க்கிறார்கள்? அந்த நேரத்தில் பொறுப்பில் இருக்கும் மாடரேட்டர்.

அதனால் என் தீர்மானம் கறாரானது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் சர்வர் இரவு 10 மணிக்கு மேல் திறந்திருக்கவே கூடாது. கண்காணிக்க ஆள் இல்லாத சர்வரை மூடத்தான் வேண்டும், ஆள் தேடக் கூடாது. முகம் தெரியாத எவருக்கும், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், எத்தனை மாதம் கூடவே விளையாடியிருந்தாலும், மாடரேட்டர் பொறுப்பைத் தரக் கூடாது. நேரில் தெரிந்த, 18 வயது தாண்டிய இரண்டு பேர் போதும். பெரிய அக்கா, சித்தப்பா, கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணன். தெரிந்தவர் என்பதாலேயே நம்பிவிடவும் வேண்டாம். அதனால்தான் இரண்டு பேர் என்கிறேன். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரிய வேண்டும்.

அவர்களுக்கும் ஓபி வேண்டாம். லக்பெர்ம்ஸ் என்ற பிளகின் இலவசமாகக் கிடைக்கிறது. வாயடைக்க, வெளியேற்ற, தற்காலிகமாகத் தடை செய்ய என்று தேவையான கட்டளைகளை மட்டும் எண்ணி எண்ணிக் கொடுக்கலாம். கோர்புரொடெக்ட் பிளகினைப் போட்டால் எந்தக் கட்டையை யார் எப்போது உடைத்தார், எந்தப் பெட்டியிலிருந்து எதை எடுத்தார் என்பதெல்லாம் பதிவாகிவிடும். பழைய நிலைக்கும் திருப்பிவிடலாம். இடிப்பது, திருடுவது போன்ற சண்டைகளுக்கு அதுவே தீர்ப்புச் சொல்லிவிடும், இரவுக் காவலே தேவைப்படாது. பேப்பர் போன்ற சர்வர் மென்பொருள்களில் தனிச் செய்திக்கான கட்டளையும் லாக்கில் விழும். ‘தனிச் செய்திகள் பதிவாகின்றன, பொறுப்பாளர்கள் படிக்கக்கூடும்’ என்று நுழைவாயிலிலேயே எழுதி வையுங்கள். தப்பான எண்ணத்தோடு வருபவனுக்கு அந்த ஒரு வரி பிடிக்காது.

ஒயிட்லிஸ்ட்டை இன்றே போடுங்கள். பெயர் சேர்த்தவர் மட்டும் உள்ளே வரட்டும். காசு கொடுத்து விளையாட்டை வாங்காத நண்பர்களுக்காக ‘ஆன்லைன் மோட்’ அமைப்பை அணைத்து வைத்திருக்கும் கிராக்டு சர்வர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அதில் வருகிறவர் யார் என்பதை யாரும் சரிபார்ப்பதில்லை. தனியாக ஒரு லாகின் பிளகின் போடாவிட்டால், சர்வர் நடத்துகிறவரின் பெயரையே தட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் அதே அதிகாரத்தோடு நுழையலாம். ஒயிட்லிஸ்ட்டும் அங்கே பயன்படாது, அதுவும் பெயரைத்தானே பார்க்கிறது? ‘ப்ரோ, நானே பிளகின் செட் பண்ணித் தர்றேன்’ என்று கோப்பு அனுப்புகிறவர்களிடமும் கவனமாக இருங்கள். அனுப்பியவருக்கு ரகசியமாக ஓபி கொடுத்துவிடும் பிளகின்கள் சுற்றுகின்றன. 2023 ஜூனில் கர்ஸ்ஃபோர்ஜ் போன்ற பெயர்பெற்ற தளங்களிலேயே சில ‘மாட்’ நிரல்களுக்குள் தீநிரல் ஏற்றப்பட்டிருந்தது தெரியவந்தது. அப்படியிருக்க, முன்பின் தெரியாத ஒருவர் டிஸ்கார்டில் அனுப்பும் கோப்பை எதை நம்பிப் போடுவது?

இனி கெட்ட வார்த்தை. ‘கேம்னா அப்படித்தான் பேசுவாங்க’ என்று பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இதை விடவே கூடாது என்பேன், அதற்குக் காரணம் நாகரிகம் மட்டும் இல்லை. எல்லோரும் அசிங்கமாகப் பேசும் இடத்தில், ஒரு குழந்தையிடம் ஒருவன் அசிங்கமாகப் பேசுவது எவர் கண்ணையும் உறுத்தாது. 2021 ஜூனில் பப்ஜி விளையாட்டை நேரலையில் காட்டிக்கொண்டே ஆபாசமாகப் பேசிய புகாரில் ஒரு தமிழ் யூடியூபர் தருமபுரியில் கைது செய்யப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் ஏராளம். அந்தப் பேச்சுதான் கெத்து என்று கற்றுக்கொண்டு வந்தவர்களும் இன்று சர்வர்களில் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கென்று செய்த வடிகட்டி நம் பிள்ளைகள் பேசுவதைப் பிடிக்காது. தமிழ் வசையை ஆங்கில எழுத்தில், அதுவும் ஆளுக்கொரு விதமாக, நடுவே புள்ளியும் எண்ணும் போட்டு எழுதுகிறார்கள். டிஸ்கார்டின் ஆட்டோமாட் வசதியில் நாமே சொற்பட்டியல் சேர்க்கலாம். தமிழ் தெரிந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்து, சங்கடம் பார்க்காமல், அந்தச் சொற்களை எல்லா எழுத்துக் கோலங்களிலும் அதில் ஏற்ற வேண்டும். சாதிப் பெயரை வசையாக எறிவதையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். அது விளையாட்டுச் சண்டை அல்ல. பலர் முன்னிலையில் பட்டியல் சாதியினரை, பழங்குடியினரைச் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். ஒரு பெண்ணின் குரல் வாய்ஸ் சாட்டில் கேட்டவுடன் தொடங்கும் கூச்சலையும் முதல் நொடியிலேயே அடக்க வேண்டும். வாய்ஸ் சாட்டைச் சிறுவர் சர்வரில் மூடி வைப்பதே சரி. பேசியது எதுவும் பதிவாவதில்லை, நாளைக்குச் சான்றும் இருக்காது.

மூடி வைப்பதால் விளையாட்டு செத்துவிடாது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸை நடத்தும் ரயட் கேம்ஸ் ஒரு காலத்தில் எதிரணியோடு பேசும் சாட்டை முதலில் மூடிவிட்டு, வேண்டும் என்பவர் திறந்துகொள்ளலாம் என்று மாற்றிப் பார்த்தது. எதிரணியோடு பேசுவது ஏறக்குறைய முன்போலவே நடந்தது, வசவு மட்டும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அந்த நிறுவனத்தின் ஆய்வில் வெளிவந்த இன்னொன்றும் முக்கியம். மோசமான நடத்தையில் பெரும்பகுதி வழக்கமான போக்கிரிகளிடமிருந்து வரவில்லை. மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடும் சாதாரண ஆட்களிடமிருந்து வந்தது. ஆகவே வாய் தவறிய சிறுவனுக்கு அரை மணி நேர மியூட், அதற்கான காரணத்தையும் சொல்லி. அதோடு அது தீரட்டும். எல்லா ஆயுதத்தையும் அவன் மேல் இறக்கிவிட்டு, நயமாகப் பேசுகிறவனைக் கோட்டைவிடாதீர்கள்.

மிரட்டல் வேறு வகை. ‘வீட்டுக்கு வர்றேன்’, ‘அட்ரஸ் எடுத்துட்டேன்’ என்று ஒருவன் எழுதினால் அதை வாய்ச்சவடால் என்று விட்டுவிடாதீர்கள். 2017 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் விச்சிட்டா நகரில் நடந்ததைக் கேளுங்கள். கால் ஆஃப் டியூட்டி ஆட்டத்தில் ஒன்றரை டாலர் பந்தயத்தில் தகராறு. ஒருவன் எதிராளியைப் பழிவாங்க, பொய்த் தகவல் சொல்லிப் போலீசை ஏவும் பழக்கமுள்ள மூன்றாமவனைத் தூண்டினான். எதிராளி தான் முன்பு குடியிருந்த வீட்டின் முகவரியைக் கொடுத்து, முடிந்தால் அனுப்பு என்று சவால் விட்டான். கொலை நடந்திருக்கிறது, ஆட்களைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று போலீசுக்குப் பொய் அழைப்பு போனது. வாசலுக்கு வந்து கதவைத் திறந்த 28 வயது மனிதரைப் போலீசார் சுட்டார்கள், அவர் இறந்துவிட்டார். இரண்டு குழந்தைகளின் தகப்பன். அந்த ஆட்டத்தில் அவர் இல்லவே இல்லை. அழைத்தவனுக்கு 20 ஆண்டு சிறை. அந்தச் சண்டை முற்றிய நேரத்தில் யாராவது ஒருவர் இரண்டு பேரையும் பிரித்து, முகவரி விழுந்த செய்தியை அழித்திருந்தால்? யாருடைய முகவரி, பள்ளி, போன் நம்பர், புகைப்படம் என்றாலும் சாட்டில் விழுந்த நொடியில் அது அழிய வேண்டும். போட்டவனுக்கு எச்சரிக்கை இல்லாமலே தடை.

சர்வர் நடத்துகிற அண்ணன்கள் பலருக்குத் தெரியாத ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். ஒரு சிறுமியிடம் ஒருவன் படம் கேட்டது உங்களுக்குத் தெரிய வருகிறது. நீங்கள் அவனைப் பான் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். முடியவில்லை. அவன் புது ஐடியோடு அடுத்த சர்வருக்குப் போய்விட்டான். உங்கள் பான் உங்கள் சர்வருக்கு மட்டும்தான். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும் என்கிறது. நடந்த குற்றத்தை மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. குழந்தைக்கு இந்தத் தண்டனை பொருந்தாது. ஆனால் 18 வயது தாண்டிய மாடரேட்டருக்குப் பொருந்தும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் எந்த வழக்கும் வராது என்றும் அதே சட்டம் உறுதி தருகிறது. பயப்பட ஒன்றுமில்லை, சொல்லுங்கள்.

சான்று என்று நினைத்துக் குழந்தையின் ஆபாசப் படத்தைச் சேமித்து, மாடரேட்டர்களின் தனிச் சேனலில் போட்டுப் பேசும் வழக்கம் இருந்தால், இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் படத்தைப் பகிர்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம், முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதும் போக்சோ 15ஆம் பிரிவில் குற்றமாகலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து, 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இதை விளக்கிச் சொல்லிவிட்டது. நீங்கள் பத்திரப்படுத்த வேண்டியவை வேறு: அவனுடைய ஐடி, பயனர் எண், தேதி, நேரம், எழுத்தில் உள்ள உரையாடல், சர்வரின் லாக் கோப்பு. ஹோஸ்டிங் நிறுவனங்கள் பல, பழைய லாக்குகளைத் தானாக அழித்துவிடும். அன்றைக்கே நகல் எடுங்கள். அவனை உடனே பான் செய்து உஷார்ப்படுத்தும் முன், ஐடியையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்காகக் குழந்தையை அவனோடு தொடர்ந்து பேசவிட்டு ‘பொறி வைத்துப் பிடிக்கிறேன்’ என்று கிளம்பாதீர்கள். அது போலீசின் வேலை. குழந்தையின் பெயரையோ ஐடியையோ போட்டு, யூடியூபில் அம்பலப்படுத்தும் வீடியோவும் வேண்டாம்.

புகாருக்கு 1098 குழந்தைகள் உதவி எண், 1930 சைபர் குற்ற உதவி எண். மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் பதிவுகளைப் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒன்று. பணம் வைத்து ஆடும் ரம்மியைப் பற்றி நாம் ஆண்டுக்கணக்கில் பேசினோம். 2022இல் தமிழ்நாடு சட்டமன்றம் மசோதா நிறைவேற்றி அது 2023இல் சட்டமானது, 2025இல் மத்திய அரசும் சட்டம் இயற்றியது. தேவையான சட்டங்கள்தான். ஆனால் உங்கள் பிள்ளையின் சர்வரில் பணமே புழங்குவதில்லை, எனவே எந்த ஆணையமும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும். போனைப் பிடுங்கினால் அவன் வேறு போனில், உங்களுக்குத் தெரியாமல், அதே ஆளோடு பேசுவான். ‘எவன் என்ன கேட்டாலும் எங்கிட்ட சொல்லு கண்ணு, கேமை நிறுத்த மாட்டேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

இன்று சாயங்காலம் பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். சர்வர் கோப்புகளில் ‘ஓப்ஸ்’ என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். ஓபி பெற்றவர்களின் பெயர்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். டிஸ்கார்டிலும் மாடரேட்டர் ரோல் வைத்திருப்பவர்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பெயரையும் வாசிக்கச் சொல்லி, இவர் யார், எந்த ஊர், நீ நேரில் பார்த்திருக்கிறாயா, யார் சொல்லிச் சேர்த்தாய், உன்னிடம் தனியாக என்ன பேசுவார் என்று பொறுமையாகக் கேளுங்கள். நேரில் தெரியாத பெயர் ஒவ்வொன்றிடமிருந்தும் அந்த அதிகாரத்தை அங்கேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுத்த பிறகு கோபப்பட்டு, கெஞ்சி, மிரட்டி மறுபடி மறுபடி கேட்டு வருகிற ஐடி எதுவோ, அதைத் தேதி நேரத்தோடு குறித்து வையுங்கள்.